சென்னை ஃபிளாட்டுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர்: புதிதாக வாங்குபவர்களுக்கு

“பாட்டு கேட்க நல்ல ஸ்பீக்கர் வாங்கணும், பட்ஜெட் ரொம்ப இல்லை, எது வாங்கலாம்?” என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் அவர்கள் வீட்டு ஹாலைப் பற்றித்தான் விசாரிப்பேன். எத்தனை அடிக்கு எத்தனை அடி? தரை டைல்ஸா, மொசைக்கா? ஜன்னலுக்குத் திரை உண்டா? சோபாவில் உட்கார்ந்து கேட்பீர்களா, தரையிலா? ஒரு வீட்டில் அருமையாகப் பாடும் ஸ்பீக்கர் இன்னொரு வீட்டில் காதைக் குத்துகிறது என்றால், பெரும்பாலும் அந்த அறைதான் காரணம். நம்மில் பலர் குடியிருக்கும் ஃபிளாட்டுகளுக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையும் இல்லை. இரண்டு நல்ல சின்னப் பெட்டிகளை வாங்கி ஒழுங்காக வைத்தால், அதே காசுக்குக் கிடைக்கும் ஹோம் தியேட்டர் செட்டைவிடப் பாட்டு நன்றாகவே கேட்கும். பிராண்டு, வாட்ஸ் எல்லாம் அப்புறம்.

முதலில் ஹாலை அளங்கள்

டேப் எடுத்து நீள அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வரப்போகும் இடத்திலிருந்து நீங்கள் உட்காரும் இடம் எவ்வளவு தூரம் என்பதையும் அளங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் அது ஏழெட்டு அடிதான் இருக்கும். அதற்கு 5 அங்குல வூஃபர் (கீழ்ச் சத்தங்களைத் தரும் பெரிய கோன்) உள்ள, அலமாரியில் அடங்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் தாராளம். படுக்கையறைக்கு 4 அங்குலம் போதும். பதினாறு அடிக்கு மேல் நீளும் ஹால், அதோடு சமையலறையும் திறந்தபடி சேர்ந்திருக்கிறது என்றால் 6.5 அங்குலம் பார்க்கலாம். ஆளுயர டவர் ஸ்பீக்கரைச் சின்ன ஹாலில் கொண்டுவந்து வைத்தால் பேஸ் (கனமான கீழ்ச் சத்தம்) மட்டும் குமுறிக்கொண்டு நிற்கும், பாடுபவரின் குரல் அமுங்கிவிடும்.

அடுத்து, ஹால் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கை தட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் ‘ட்ர்ர்ங்’ என்று ஓர் உலோகச் சாயல் கேட்கிறதா? எதிரெதிர் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே சத்தம் போய்ப் போய் வருகிறது என்று அர்த்தம். பாட்டில் வரும் ஒவ்வொரு ‘ச’வும் ‘ட’வும் இதே சாயலோடுதான் உங்கள் காதுக்கு வரும். விட்ரிஃபைட் டைல்ஸ், ஸ்லைடிங் கண்ணாடி ஜன்னல், பெயின்ட் அடித்த சுவர் மூன்றும் சேர்ந்த புது ஃபிளாட்டுகளில் இது நிச்சயம் உண்டு. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு தடிமனான பவானி ஜமக்காளத்தை விரியுங்கள். ஒரு சுவரில் புத்தக அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. மறுபடி கை தட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இரண்டு மூவாயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலை, ஸ்பீக்கரில் கூடுதலாகப் பத்தாயிரம் போடுவதைவிடப் பலன் தரும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது: சீலிங் ஃபேன். வருடத்தில் பெரும்பகுதி அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடும் ஃபேன் மெல்லிய சத்தங்களை மூடிவிடும். நீளமாக நிற்கும் சுரங்களில் லேசான நடுக்கத்தையும் சேர்க்கும். ‘மிக நுணுக்கமான ஒலிகள்கூடக் கேட்கும்’ என்று சொல்லிப் பெரும் விலைக்கு விற்கும் ஸ்பீக்கர்களுக்குக் காசு கொடுக்கும் முன் இதை யோசியுங்கள். மூன்றாம் நம்பரில் ஃபேன் ஓடும் ஹாலில் அந்த நுணுக்கத்தில் பாதி காதுக்கே வராது.

என்ன கேட்கப்போகிறீர்கள்?

பேஸ் எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பது நீங்கள் கேட்கும் பாட்டைப் பொறுத்தது. இதை ஹெர்ட்ஸ் எண்ணில் சொல்வார்கள், எண் குறையக் குறைய சுரம் கீழே இறங்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் வித்வானின் நடு ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அவர் மந்த்ர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் ஸட்ஜம் 196. ஆக, 60, 65 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் சின்ன ஸ்பீக்கரே கச்சேரிக்குப் போதும். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் எழும் கும்கி என்ற கனமான நாதமும் ஓரளவு நிறைவாகவே வரும். 80களின் தமிழ்ப் படப் பாடல்களில் பேஸ் கிட்டார் வாசிப்பை ரசிப்பவர் என்றால் கணக்கு மாறும். அந்தக் கருவியின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இப்போது வரும் சினிமாப் பாட்டுகளின் எலெக்ட்ரானிக் பேஸ் அதற்கும் கீழே போகும். இவர்கள் 6.5 அங்குலம் வாங்கலாம், அல்லது இப்போது சின்னதாக வாங்கிவிட்டுப் பிறகு பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக வரும் ஒரு சப்வூஃபர் சேர்க்கலாம். கீழ் வீட்டுக்காரர்களோடு உங்கள் உறவு எப்படி என்பதையும் கணக்கில் வையுங்கள். சப்வூஃபர் சத்தம் தரை வழியாக இறங்கும்.

எதைக் கேட்பவராக இருந்தாலும் குரல்தான் முதல் பரீட்சை. நம் பாட்டு முழுக்கக் குரலை நம்பி இருக்கிறது. பேஸ் கொஞ்சம் குறைந்தால் பத்து நாளில் பழகிவிடும். மூக்கடைத்த மாதிரி வரும் குரல் கடைசி வரை பழகாது.

இரண்டு போதும்

ஒரே பட்ஜெட்டை ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். சவுண்ட் பார் டிவியில் வசனம் தெளிவாகக் கேட்க உதவும், பாட்டுக்கு அது அகலம் தராது. தமிழ்ப் பாட்டுகளில் ரொம்பப் பழையவை ஒரே சேனலிலும் (மோனோ), பிறகு வந்தவை பெரும்பாலும் இரண்டு சேனலிலும் (ஸ்டீரியோ) பதிவானவைதான். இரண்டு நல்ல ஸ்பீக்கரில் காசைக் குவியுங்கள்.

இதில் இரண்டு வகை. ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) உள்ளேயே இருக்கும். கரண்டில் சொருகி, போனிலிருந்தோ டிவியிலிருந்தோ நேரே பாட்டுப் போடலாம். பாசிவ் ஸ்பீக்கருக்கு ஆம்ப் தனியாக வாங்க வேண்டும். பட்ஜெட் பதினைந்தாயிரத்துக்குள் என்றால் யோசிக்காமல் ஆக்டிவ் பக்கம் போங்கள். எடிஃபையர் ஆர்1280 வரிசை இந்த இடத்தில் பலர் தொடங்கும் பெட்டி: 4 அங்குல வூஃபர், இரண்டும் சேர்த்து 42 வாட். படுக்கையறைக்கும் சின்ன ஹாலுக்கும் சரியாக இருக்கும். முப்பதாயிரத்துக்கு மேல் போக முடிந்தால் பாசிவ் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் தனித்தனியாக வாங்குவது நல்லது. பத்து வருடம் கழித்து ஆம்ப் போனாலும் ஸ்பீக்கர் நிற்கும். சோனி எஸ்எஸ்-சிஎஸ்5, வார்ஃப்டேல் டைமண்ட் 12.1, எலாக் டெபூ பி6.2 மாதிரியான பெட்டிகள் இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை. கொல்கத்தாவின் சோனோடைனையும் மறக்காமல் கேட்டுப் பாருங்கள்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்கள்

பிஎம்பிஓ என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருந்தால் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்ஸ் மட்டும் பாருங்கள். அதிலும் மயங்க வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம், அதை அளக்கும் டெசிபல் கணக்கில், 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

ரொம்பப் பேர் பார்க்காமல் விடுவது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. சாதாரணப் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் 85 முதல் 88 வரை இருக்கும். 87 டெசிபல் ஜோடி ஒன்று, ஒரே ஒரு வாட்டில், எட்டு ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 80 டெசிபலை ஒட்டிக் கொடுத்துவிடும். நாம் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஃபிளாட் ஹாலுக்கு நேர்மையான 30, 40 வாட் ஆம்ப் தாராளம்.

ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் எண் 6, 8 என்றால் எந்த ஆம்ப்பும் சமாளிக்கும். 4 ஓம் என்றால் ஆம்ப் அதற்குத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். ‘40 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று மட்டும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்றும் சேர்த்துச் சொல்பவர்களே உருப்படியாக அளந்தவர்கள்.

கேட்டுப் பார்ப்பது

வாங்கும் வேலையில் அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். கடையில் போட்டுக் காட்டும் பாட்டு ஸ்பீக்கரை நன்றாகக் காட்டுவதற்கென்றே பொறுக்கியது. உங்களுக்கு வரி வரியாகத் தெரிந்த நான்கைந்து பாட்டுகளைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், மிருதங்கமோ தவிலோ முன்னால் வரும் ஒன்று, நிறைய வயலின்கள் சேர்ந்து வாசிக்கும் பழைய சினிமாப் பாட்டு ஒன்று. கிடைப்பதில் நல்ல தரப் பதிவாக இருக்கட்டும், யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஃபைல் வேண்டாம்.

ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆண் குரலில், அவர் நெஞ்சிலிருந்து பாடுகிறாரா, டப்பாவுக்குள்ளிருந்தா? பெண் குரலில், உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது காது சுருங்குகிறதா? ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று சீறினால் ட்வீட்டர் (மேல் சத்தங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) தூக்கலாக இருக்கிறது. மிருதங்கத்தில் வலது பக்கமான வலந்தலையின் ‘நம்’ தனியாகவும் இடது பக்கமான தொப்பியின் ‘தோம்’ தனியாகவும் விழ வேண்டும். எல்லாம் ஒரே ‘தொம் தொம்’மாக இருந்தால் அந்த பேஸ் ஊதிப் பெரிதாக்கியது. வயலின்கள் சேர்ந்து வரும் இடத்தில் வில்லின் உராய்வு தெரிகிறதா, ஒரே இரைச்சலா?

நிஜ வாத்தியச் சத்தம் காதில் புதிதாக இருந்தால் இதெல்லாம் சுலபம். அதற்கு மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் சாமி புறப்பாட்டின்போது மைக் இல்லாமல் ஒலிக்கும் நாகஸ்வரத்தையும் தவிலையும் பக்கத்தில் நின்று கேளுங்கள். மார்கழியில் சபாக்களில் கேட்பது பெரும்பாலும் மைக் வழியாக வருவதுதான், அது வேறு.

இப்போது கடையில் கட்டாயம் கவனிக்க வேண்டியது. இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் ‘நன்றாக’ இருப்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூடப் போதும். சத்தம் கூடியிருக்கிறது என்றே தெரியாது, தெளிவு கூடியதாக நினைத்துக்கொள்வோம். அதனால் போனில் டெசிபல் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டின் ஒரே இடத்துக்கு இரண்டும் ஒரே எண் காட்டும்படி வால்யூமைச் சரிசெய்யச் சொல்லுங்கள். “அண்ணே, ரெண்டையும் ஒரே சத்தத்துல வைங்க” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்கச் சொல்வதும் முக்கியம்.

முடிந்தால் எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேளுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1980களில் ஃபிளாய்ட் டூல் செய்த சோதனைகள் இந்தத் துறையையே மாற்றியவை. எந்த ஸ்பீக்கர் என்று தெரியாதபடி மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னபோது, அளவீட்டில் ஏற்ற இறக்கம் குறைவாக, சீராக இருந்த ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். பேரும் விலையும் கண்ணில் பட்டால் காதின் தீர்ப்பு மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, கூட வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னாலே போதும்.

கடைசியாக, வீட்டில் இரவு பத்து மணிக்கு வைக்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்தும் கேளுங்கள். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை அதிகமாக இழக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். குறைந்த சத்தத்திலும் குரல் முழுதாக இருக்கும் ஸ்பீக்கர்தான் ஃபிளாட்டுக்கு ஏற்றது. ஆம்ப் வாங்குவதானால், குறைந்த சத்தத்தில் இழக்கும் பேஸை ஈடுகட்டும் லவுட்னஸ் வசதி உள்ளதா என்று பாருங்கள். யமஹா ஏ-எஸ்301-இல் அதைக் கூட்டிக் குறைக்கவே தனியாக ஒரு திருகு இருக்கிறது, இரவு நேரத்துக்கு அது பெரிய உதவி.

எங்கே வாங்குவது

ரிச்சி ஸ்ட்ரீட் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு போகும். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாரநாளில் காலையில் போங்கள். வயர், கனெக்டர், ப்ளூடூத் போர்டு, ஸ்டாண்டு, தனி வூஃபர், ட்வீட்டர் எல்லாம் அங்கே மலிவு. தானே செய்து பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு சின்ன 4440 ஐசி ஆம்ப் போர்டிலிருந்து பெரிய டிரான்சிஸ்டர் போர்டு வரை கிடைக்கும். ஆனால் அசெம்பிள் செய்து விற்கும் ரெடிமேட் பெட்டிகளைப் புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். பெட்டியின் அளவும், சத்தத்தை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் வூஃபருக்குப் பொருந்தக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பளபளக்கும் எல்இடி விளக்கு அந்தக் கணக்கைச் செய்யாது.

பிராண்டட் ஸ்பீக்கரை ஷோரூமில் கேட்டு, ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னால் வாரண்டி போய்விடும் என்று அர்த்தம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குள் வீட்டிலேயே மேலே சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டியைப் பரணில் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் திருப்பி அனுப்புவது பெரும்பாடு.

செகண்ட் ஹேண்டில் நல்ல ஜோடி பாதி விலைக்குக் கிடைக்கும். போய்ப் பார்க்கும்போது முன்பக்கத் துணியைக் கழற்றச் சொல்லி, வூஃபர் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையமாக இருந்து விரலில் கருப்புத் தூளாக ஒட்டினால், நம் ஊர் ஈரக்காற்று அதை முடித்துவிட்டது. மாற்ற முடியும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் நீண்ட நாள் வரும். பிறகு கோனின் இரு பக்கமும் விரல் வைத்துச் சீராக உள்ளே அழுத்துங்கள். ‘கர்கர்’ என்று உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) கருகியிருக்கலாம், வேண்டாம். ட்வீட்டரைத் தொட வேண்டாம். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே ஓட விட்டு, காதை அருகில் வைத்து ட்வீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் வைப்பது

பெரம்பூரில் ஒரு நண்பர் வீட்டில் நல்ல ஸ்பீக்கர்கள் ஷோகேஸின் மேல், விட்டத்துக்கு அருகே, இரண்டு மூலைகளில் இருந்தன. பேஸ் குமுறியது, குரல் எங்கேயோ மேலிருந்து வந்தது. இரண்டையும் இறக்கி, இரண்டு மர ஸ்டூல்களில் ஆறடி இடைவெளியில் வைத்து, சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுத்து, சோபாவை நோக்கி லேசாகத் திருப்பினோம். அதே பாட்டைத் திரும்பப் போட்டதும் உள்ளிருந்து வந்த அவர் அம்மா, “பாடுறவர் டிவி முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கேப்பா” என்றார். ஒரு பைசா செலவில்லை.

அளவு இதுதான்: இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் வர வேண்டும். தரையில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் ஸ்டூலைத் தாழ்த்துங்கள், அல்லது பெட்டியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். மூலையில் தள்ளினால் பேஸ் வீங்கும். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டிக்குச் சுவரிலிருந்து ஓரடியாவது விடுங்கள். அந்த ஓட்டையில் பல்லியும் கரப்பானும் குடியேறாமல் இருக்கக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டலாம்.

வயருக்குப் பெரிய காசு வேண்டாம். எலெக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு வயர், ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினாலும் 0.12 ஓம்தான் தடை காட்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மட்டும் தவிருங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு என்று இரண்டு பக்கமும் சரிபாருங்கள். ஒரு பெட்டியில் மாறிப்போனால் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து போகும், பேஸ் காணாமல் போகும். சந்தேகமாக இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வழக்கமாக வூஃபர் வெளியே தள்ளும். முக்கியமாக, இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

டிவியோடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வந்தால் செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கேபிள் வழியாக எர்த் சுற்றிக்கொண்டு வருகிறது. டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் ஆப்டிகல் கேபிள் போட்டால் தீரும், அதில் மின்சாரம் போகாது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முனகினால் அது பெரும்பாலும் சீரான அலையாக மின்சாரம் தராத ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.

வீடு துடைக்கும்போது தரையில் நிற்கும் பெட்டிகளின் அடியில் தண்ணீர் போகாமல் பாருங்கள். பெட்டி செய்யும் எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) ஈரம் குடித்து ஊதிவிட்டால் திரும்பச் சரியாகாது. கீழே ரப்பர் புஷ் வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் செம்பு முனை பச்சை பிடித்து, சத்தம் விட்டு விட்டு வர ஆரம்பிக்கும். வருடத்துக்கு ஒரு முறை ஆம்ப்பை அணைத்துவிட்டு, வயர் நுனியைக் கொஞ்சம் வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி, இறுக்கி மாட்டிவிடுங்கள்.